விமானத்துக்கு வாங்கிய நீலம்

நாளைக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்த மாப்பிள்ளை வீட்டார், இன்றைக்கே ஏறாவூரிலிருந்து கிளம்பிவிட்டார்களாம். செய்தி வந்தபோது சரீபின் கையில் ரெசின் பசை தோய்ந்த தூரிகை இருந்தது.

சாப்பாட்டு மேசையில் அவர் ஆசைக்குச் செய்துகொண்டிருந்த மர விமானம், ஓர் ஆள் நீள இறக்கையோடு கிடந்தது. வெளியே வைத்தால் கடற்காற்று மணலை வாரி ஒட்டிவிடும் என்று, ஹோலுக்குள் வைத்தே பைபர் துணி ஒட்டிக்கொண்டிருந்தார். நாற்றம் தெருமுனை வரை போனது.

"மகளுக்குக் குடுக்கிற வீடு அத்திவாரத்தோட நிக்கிது. அதக் கேட்டா என்ன செல்லுற எண்டு நான் உருகிறன். நீங்க பிளேன் செய்றீங்க," என்றாள் மனைவி நஸீறா.

காத்தான்குடியில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுக்காமல் கல்யாணப் பேச்சு நகராது. மகள் சஹ்லாவுக்கோ மாப்பிள்ளையை மிகவும் பிடித்திருந்தது. அவர்கள் வருவதற்குள் மேசையைக் காலி செய்யப் பார்த்தார் சரீப்.

ரெசின் சீக்கிரம் இறுகட்டும் என்று, இறுக்கும் மருந்தைத் தாராளமாக ஊற்றினார். கோப்பையிலிருந்த ரெசின் கொதித்துப் புகைந்து, மேசைவிரிப்பில் ஓட்டை போட்டது. புகையை விரட்ட மின்விசிறியைப் போட்டார். காலையில் தேய்த்த மரத்தூளெல்லாம் எழும்பி, விருந்தினர் உட்காரும் கதிரைகளில் இறங்கியது. சரி, விமானத்தையாவது ஒளிப்போம் என்று அறைக்குத் தூக்கினார். இறக்கை பட்டு, விமானத்துக்கு வாங்கிய நீலப் பெயிண்ட் டின் கவிழ்ந்தது. வெள்ளைச் சுவரில் பாதி நீலம்.

துடைத்தார், பரவியது. வேறு வழியில்லாமல் சுவர் முழுவதற்கும் அதையே அடித்துவிட்டார். தூரிகையைக் கீழே வைக்கவும் வாசலில் வேன் நிற்கவும் சரியாக இருந்தது.

மாப்பிள்ளையின் உம்மா மூக்கைச் சுருக்கினார். சுவரை விரலால் தொட்டார். நீலமான விரலைக் கணவருக்குக் காட்டினார். தொலைந்தது சம்பந்தம் என்று சரீப் நினைத்தார்.

ஆனால் அவர்கள் பலகாரம் சாப்பிட்டு, சஹ்லாவின் விரலில் மோதிரமும் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். வீட்டைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. சரீபுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை கல்லடிக் கடற்கரையில் விமானத்தைப் பறக்கவிடலாம் என்றுகூட நஸீறாவிடம் சொல்லிப் பார்த்தார்.

இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்த தரகர் ஆசியா உம்மா, அவர்களை வழியனுப்ப வேன் வரைக்கும் போய், சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"மகளுக்குக் குடுக்கத்தான் இந்த ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்க எண்டு அவங்களுக்கு நல்ல சந்தோசம். நீங்க ரெண்டு பேரும் எப்ப காலி பண்ணுவீங்க எண்டு கேட்டு வரச் சென்னாங்க."