எண்பது டிகிரி என்று எழுதும் வேலை

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சிபாரிசு செய்த உங்கள் மானத்தை நான் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம். நீங்கள் சொன்னபடி மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனி நோட்டில் எண்பது என்றே எழுதுவேன்.

ஆனாலும் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் மாவு ஆலைக்குள் வந்தால் தூக்கத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் மாவு மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்கவே இறங்காது. எல்லோருக்கும் இமை வெள்ளை. அரைவை மோட்டாரின் ரீங்காரத்தில் நின்றுகொண்டே கனவு காணலாம். என் வேலை இரண்டு மணிக்கொரு தரம் அந்த மோட்டாரின் உடம்பில் தெர்மாமீட்டரை வைத்து, சூட்டை நோட்டில் எழுதுவது. மோட்டார் தகட்டில் 125 என்று பொறித்திருந்தது. அதைத் தாண்டினால் மேலே படிந்த மாவு கனலத் தொடங்கும். ஒரு நகக்கண் அளவு கனன்றால் போதும், உத்தரத்தில் வருஷக்கணக்காகத் தூங்கும் மாவெல்லாம் ஒரே நொடியில் விழித்துக்கொள்ளும், ஆலையே போய்விடும். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் போகும்போது, அடுத்த மாதத்துக்கும் சேர்த்து எண்பது, எண்பது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவு பொறுப்பான மனுஷர்.

மோட்டார் மேல் இரண்டு விரல்கடை மாவு, போர்வை போர்த்தின மாதிரி. போர்த்தினால் யாருக்குத்தான் வேர்க்காது? துடைக்க வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மேனேஜருக்கு மூச்சு நின்றுவிடும். இது போதாதென்று மூட்டை தைக்கிறவர்கள் சாப்பாட்டு டப்பாக்களை அதன் மேல்தான் அடுக்குவார்கள், மதியம் சூடாகச் சாப்பிட. எடுங்கள் என்று சண்டை போட்டேன். அவர்களில் மூத்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முன்னெல்லாம் மத்தியானம் வரைக்கும் வச்சாத்தான் வெதுவெதுன்னு இருக்கும் தம்பி. இப்பப் பத்து நிமிஷத்துல அடிப்பிடிக்குது. டப்பாவ எடுத்துட்டா மோட்டாருக்குக் காய்ச்சல்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? உன் நோட்டப் பாத்தா?"

எனக்குச் சுருக்கென்றது. தெர்மாமீட்டரை வைத்தேன், 126. நிறுத்திவிட்டேன். முக்கால் மணி நேரம். அதுதான் உங்களுக்கு வந்த புகார். மேனேஜர் கீழே வரவில்லை, அவர் எப்போதும் மாடியில் கண்ணாடி அறையில்தான், மாவு படாத சட்டையோடு. என்னை மேலே கூப்பிட்டு, "ஒரே ஒரு டிகிரிக்கா நிறுத்தின?" என்றார். மறுநாள் பார்வையாளர்கள் வருகிறார்கள் என்று எல்லா மெஷினுக்கும் பச்சை பெயிண்ட் அடிக்கச் சொன்னார், தகட்டுக்கும் சேர்த்து. அப்புறம் என்னிடம், "125ன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு பாக்கலாம்" என்கிறார். எங்கே காட்ட மாமா? வெடித்தால் மாடி கடைசியில்தான் விழும், கீழே இருக்கிற முப்பது பேர் முதலில் போவார்கள், அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். போகட்டும். ஊரோடு ஒத்து வாழ் என்றீர்கள், வாழ்கிறேன். இந்த ரீங்காரத்தில் கோபம்கூடக் கண் சொக்கிப் போய்விடுகிறது.

அத்தைக்கு என் வணக்கம். முழங்காலை மடக்கி உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இனிமேல் உங்கள் பேரைக் கெடுக்காத மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அக்கா டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே கரி. போய்த் தெர்மாமீட்டர் வைத்தேன், 131. எண்பது என்று எழுதத்தான் மாமா உட்கார்ந்தேன். கை 131 என்று எழுதிவிட்டது, அப்புறம் போய்ச் சிவப்புப் பொத்தானையும் அமுக்கிவிட்டது. இப்போது சத்தமே இல்லை. மாவு முதல் தடவையாக மெல்லக் கீழே இறங்குகிறது, எதிர்ச் சுவர் தெரிகிறது. அக்கா துடைக்க ஈரத்துணியோடு வந்தாள், மோட்டார் ஆறட்டும் என்று உட்கார வைத்திருக்கிறேன். மேனேஜர் மாடிப்படி இறங்கி வருவது கேட்கிறது, கீழே வரத் தெரியும் போலிருக்கிறது. மேலே எழுதிய மன்னிப்பை அடித்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பின்னறைக் கட்டிலைக் காலி செய்து வையுங்கள், நாளைக்கு வந்துவிடுவேன்.