டைல்ஸ் கடைக்காரர் ஏழையான வரலாறு

வறுமையை வென்ற மாமனிதர்கள் உலகில் ஏராளம். ஆனால் வறுமையை விரும்பி, திட்டமிட்டு, வக்கீல் வைத்து, முத்திரைத் தாளில் எழுதி அடைந்தவர் நம் டைல்ஸ் கடைக்காரர் ஒருவர்தான். இந்தச் சாதனைக்காக ஊரார் ஒரு பாராட்டு விழா எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

விவாகரத்தாகி ஐந்து வருடங்களாகியிருந்தன. மகள் தாயிடம் வளர்ந்தாள். தாய்க்கும் மகளுக்குமாக மாதம் இருபதாயிரம் தர வேண்டும் என்பது குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவு. அதைக் குறைக்க வழியுண்டா என்று கேட்க வக்கீலிடம் போனார்.

"தாராளமா குறைக்கலாம் சார். சட்டமே இடம் கொடுக்குது. உத்தரவு வந்த பிறகு சூழ்நிலை மாறியிருக்கணும், அவ்வளவுதான்."

"மாறியிருக்கே சார்! ரெண்டாவது கிளை திறந்துட்டேன். புதுக் கார் வாங்கிட்டேன்."

வக்கீல் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த மாற்றம் வேண்டாம் சார். கீழ்நோக்கி மாறணும்."

அன்று தொடங்கியது மாபெரும் துறவு. இரண்டு கடைகளும் தம்பி பெயருக்குப் போயின. கார் அம்மா பெயருக்குப் போனது. எழுபத்தெட்டு வயதில், இரண்டு கண்களிலும் புரை விழுந்திருந்த நிலையில், அந்த அம்மாள் சொகுசுக் கார் ஒன்றின் உரிமையாளரானார்.

"நான் எங்கேடா போகப் போறேன்?" என்று கேட்டார்.

"நீ எங்கேயும் போக வேணாம்மா. கையெழுத்து மட்டும் போடு."

பிறகு கடைக்காரர், தம்பியின் கடையில் 'மேற்பார்வை உதவியாளர்' என்ற உயர்ந்த பதவியில் சேர்ந்தார். சம்பளம் பதினைந்தாயிரம். வக்கீல் தயாரித்த நியமனக் கடிதத்தைத் தம்பி இரண்டு முறை படித்தான். அதில்தான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது.

"அண்ணே, இதுல காலையில ஒன்பதரைக்கு வரணும்னு போட்டிருக்கு. இப்ப மணி பதினொண்ணு."

"டேய், இது கோர்ட்டுக்காகடா."

"கோர்ட்ல இருந்து யாராவது வந்து பார்த்தா என்ன பண்றது? அந்தப் பெட்டியைக் கொஞ்சம் மேல தூக்கி வைங்க. வாடிக்கையாளர் நிக்கிறாங்க."

முதலாளியாக இருபது வருடம் உட்கார்ந்த இடுப்பு, அன்று நான்கு பெட்டிகள் தூக்கியது. வலியைவிடத் தம்பி அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த விதம்தான் அவரைத் தைத்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். லட்சியத்துக்கு முன்னால் இடுப்பு எம்மாத்திரம்?

சொத்து, வருமானம், செலவு எல்லாவற்றையும் சத்தியம் செய்து சொல்லும் பிரமாணப் பத்திரம் இருபத்திரண்டு பக்கங்களில் தயாரானது. விலைவாசி உயர்ந்துவிட்டது. வியாபாரம் கைமாறிவிட்டது. மனுதாரர் தாயாரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. 'நோயும் சூழ்நிலை மாற்றம்தான்' என்று வக்கீல் சொன்னதால் சர்க்கரை நோய்ச் சான்று ஒன்றும் சேர்ந்துகொண்டது. மனு போட்ட கையோடு, நீதிமன்றத்தின் முடிவுக்கு மரியாதை தரும் விதமாக, இருபதாயிரத்தைப் பத்தாயிரமாக அவரே குறைத்துக்கொண்டார்.

முன்னாள் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாததால், தொகையை உயர்த்தித் தரச் சொல்லி ஒரே பக்கத்தில் தானே ஒரு மனு எழுதிப் போட்டிருந்தார். அதைப் பார்த்து வக்கீல் சிரித்தார். "ஒரு பக்கம் சார்! நம்மகிட்ட இருபத்திரண்டு!"

எட்டு வாய்தாக்களுக்குப் பிறகு விசாரணை நாள் வந்தது. கடைக்காரர் காலர் நைந்த சட்டையில் வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றியிருந்தார், அது இருந்த இடம் மட்டும் மணிக்கட்டில் வெள்ளை வளையமாகத் தெரிந்தது. "கையைப் பின்னாடி கட்டிக்கோங்க" என்று வக்கீல் அவர் காதில் சொன்னார். "இன்னொண்ணு, பத்திரத்துல இருக்கிறதை விட்டு ஒரு வார்த்தை நகரக் கூடாது."

நீதிபதி அம்மாள் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார்.

"உங்களுக்குச் சர்க்கரையா?"

"ஆமா மேடம். ரொம்ப அதிகம்."

முன்னாள் மனைவி அந்தச் சான்றை வாங்கிப் பார்த்தார். "மேடம், இது சாப்பிட்ட உடனே எடுத்தது. நல்லா சாப்பிட்டிருக்காரு."

யாரோ பின்வரிசையில் இருமினார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. இன்னொரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"மகளுக்கு வயது ஒன்பதுன்னு இருக்கே?"

"ஆமா மேடம்." நகரவில்லை மனிதர்.

"பழைய உத்தரவிலும் ஒன்பதுதான் இருக்கு."

"ஆமா மேடம்."

"அந்த உத்தரவு வந்து அஞ்சு வருஷமாச்சு."

வக்கீல் பாய்ந்து எழுந்தார். "தட்டச்சுப் பிழை மேடம். பழைய மனுவிலிருந்து அப்படியே..."

"நீங்க உட்காருங்க. அவர் சொல்லட்டும். இப்ப என்ன வயசு?"

ஒரு கூடத்தின் நீள அகலம் சொன்னால், எத்தனை பெட்டி டைல்ஸ் வேண்டும் என்று கண் இமைப்பதற்குள் சொல்லும் மனிதர் அவர். பின்னால் கட்டிய கைகளில் விரல்கள் மடங்கி மடங்கி நீண்டன.

"பன்னிரண்டு... பதிமூணு இருக்கும் மேடம்."

"பதினாலு மேடம்" என்றார் முன்னாள் மனைவி. "போன செவ்வாய்க்கிழமையோட. ஒன்பது வயசுல, இதே கட்டடத்துப் படிக்கட்டுல வச்சுப் பார்த்தாரு. அதோட சரி."

பத்து நாளில் உத்தரவு வந்தது. சூழ்நிலை கணிசமாக மாறிவிட்டது என்ற மனுதாரரின் வாதத்தை நீதிமன்றம் முழுமனதோடு ஏற்றுக்கொண்டது. குழந்தை வளர்ந்திருக்கிறது, படிப்புச் செலவும் வளர்ந்திருக்கிறது. பெயர் மாற்றிய கடைகளை நம்புவதற்கில்லை. ஆகவே மாதம் முப்பத்தைந்தாயிரம். பாக்கி முழுவதும் ஒரே தவணையில்.

கடைக்காரர் வக்கீல் அறையில், உத்தரவை மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டின் வெள்ளை வளையத்தைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனம் மாறிவிட்டதோ என்று வக்கீலே ஒரு கணம் பயந்துபோனார்.

"மேல்முறையீடு போடலாம் சார்" என்றார் மெதுவாக.

"போடுங்க. ஆனா இந்தத் தடவை பொண்ணு வயசைக் கரெக்டா போட்டுடுங்க சார். மானம் போச்சு."

வக்கீல் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க சார். எவ்வளவு?"

கடைக்காரர் உத்தரவை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"இதுல எங்கேயாவது இருக்கும். பார்த்துப் போட்டுக்கோங்க."