நீ அனுப்பிய கேமராவும் ஆள் இல்லாத மாடி அறையும்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. வழக்கமாக முதலில் நலம் விசாரித்துவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வருவேன். இந்த முறை விஷயம் முந்திக்கொண்டு நிற்பதால், நலத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உன் அலுவலக நண்பர் கையில் நீ கொடுத்தனுப்பிய டிஜிட்டல் கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் உன் அண்ணி, "பாவம், இத்தனை வேலைக்கு நடுவுல நம்ம ஞாபகம் வந்திருக்கு பாருங்க" என்று கண் கலங்கினாள். நான் கலங்கவில்லை. வாழ்நாளெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். கேட்காமலேயே ஒருவன் எனக்கு பிஸ்கட் நீட்டினால் அவனிடம் டிக்கெட் இல்லை என்று அர்த்தம். நீ நீட்டியிருப்பது பிஸ்கட்டைவிடப் பெரியது.

பெட்டிக்குள் நீ வைத்திருந்த சீட்டைப் பல தடவை படித்துவிட்டேன். "அண்ணா, இது உங்களுக்குத்தான். எப்படி இருக்குன்னு எழுதுங்க. பழகினதும் நம்ம வீட்டு அறைகளை ஒவ்வொண்ணா எடுத்து அனுப்புங்க. ஆள் இல்லாம எடுங்க. மாடி அறையை மட்டும் நாலு பக்கமும் எடுங்க. அவசரமில்லை." அவசரமில்லை என்று மெனக்கெட்டு எழுதுகிறவனுக்கு எவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரியாதா? போகட்டும். ஆள் இல்லாமல் எதற்கு? பாசம் இருக்கிறவன் அண்ணன் அண்ணியைத்தானே எடுத்து அனுப்பச் சொல்வான்? வீட்டை ஆள் இல்லாமல் யார் பார்ப்பார்கள்? வாங்க வருகிறவன் பார்ப்பான். அப்பா கட்டிய வீடு, பத்திரத்தில் உன் பெயரும் என் பெயரும் சேர்ந்தே இருக்கிறது, எனக்கும் மறந்துவிடவில்லை. ஆனால் விற்பதென்றால் நேரில் வந்து கேட்டிருக்கலாம். என் கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, நான் குடியிருக்கிற வீட்டை நானே படமெடுத்து, வாங்குகிறவனுக்கு நானே அனுப்பிவைக்கிற ஏற்பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உன் அண்ணியிடம் நான் சொல்லவில்லை. இளகின மனசுக்காரி. உன் மனைவியிடம் போனில் பேசும்போது உளறிவிடுவாள்.

கேமராவைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருந்தாய். குறையை மட்டும் எழுதினால் அண்ணனுக்கு வயிற்றெரிச்சல் என்பாய். ஆகையால் நிறையிலிருந்தே தொடங்குகிறேன். எடுத்த படத்தை எடுத்த கையோடு முதுகுப் பக்கத்துச் சின்னத் திரையில் பார்த்துவிடலாம் என்பது பெரிய வசதிதான். பிலிம் முடிகிறவரை காத்திருந்து, கழுவக் கொடுத்து, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ளும் வேலை இல்லை. ஆனால் அந்தத் திரை தீப்பெட்டி அளவுதான். வெயிலில் போனால் அதுவும் தெரியாது, என் மூக்குக் கண்ணாடிதான் அதில் தெரிகிறது. பிடிக்காத படத்தை ஒரு பொத்தானை அழுத்தி அழித்துவிடலாமாம். அழித்த பிறகு தடயமே இருக்காதாம். இதை நீ நிறை என்று நினைப்பாய். தடயமில்லாமல் அழிகிற எதையும் நான் நிறையில் சேர்க்கமாட்டேன், குறையில்தான் சேர்த்திருக்கிறேன்.

தெருமுனை ஸ்டுடியோக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிலிம் எங்க சார் போடறது?" என்றார். பிலிமே கிடையாது என்றேன். "அப்போ படம் எங்க இருக்கும்?" என்றார். உள்ளே இருக்கும் என்றேன். "உள்ளன்னா எங்க?" என்றார். தபால்தலை அளவில் இருக்கிற அந்தச் சின்ன அட்டையை உருவிக் காட்டினேன். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒன்றும் தெரியாததால் என்னையே குற்றவாளியைப்போலப் பார்த்தார். "சார், இதுல பெரிசா பிரிண்ட் போட முடியாது. கொஞ்சம் பெரிசாக்கினாலே மூக்கெல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சிடும்" என்றார். அவர் பிழைப்பே பிலிம் கழுவுவது, ஆகவே அவர் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டேன். மீதிப் பாதியைச் சோதிக்க, பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் உன் அண்ணியின் படத்தைப் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு கட்டம் கட்டமாகத்தான் இருந்தது. கூட வந்திருந்த உன் அண்ணி அதைப் பார்த்துவிட்டு மறுநாள் வரை என்னோடு பேசவில்லை. இதை மட்டும் நிறையில் சேர்ப்பதா குறையில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அடுத்தது பேட்டரி. ஒரு வேளைக்கு நாலு பென்சில் பேட்டரி விழுங்குகிறது. சுவர்க் கடிகாரத்தில் வருடக்கணக்கில் ஓடுகிற பேட்டரி இதற்குள் போனால் ஒரு மத்தியானம் தாங்குவதில்லை. கடிகாரத்திலிருந்து ஒன்று, டார்ச்சிலிருந்து இரண்டு, ரேடியோவிலிருந்து ஒன்று என்று பிடுங்கிப் போட்டு, இப்போது எங்களுக்கு மணியும் தெரிவதில்லை, செய்தியும் தெரிவதில்லை. ஒவ்வொரு தடவை பேட்டரி மாற்றும்போதும் கேமரா தேதியை மறந்துவிட்டு, அது தொழிற்சாலையில் பிறந்த நாளுக்கே திரும்பிப் போய்விடுகிறது. கேட்கும்போதெல்லாம் பழைய தேதியையே காட்டுகிறவனை என் வேலையில் நான் விட்டதே இல்லை. போதாததற்கு அதன் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உன் அலுவலகத்தின் பெயரும் ஒரு பொருள் எண்ணும் போட்டு. அலுவலகத்துச் சாமான் அண்ணனுக்குப் பரிசாக எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் விட்டதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட அபாயமானது ஒன்று உண்டு. இது கூசாமல் பொய் சொல்கிறது. கூடத்துச் சுவரில் தண்ணீர் இறங்கிப் பெரிய கறை விழுந்திருக்கிறதே, விரிசல் கூரை வரைக்கும் ஓடியிருக்கிறதே, வாங்குகிறவன் பார்த்துப் பயந்து ஓடட்டும் என்று அதைத்தான் முதலில் எடுத்தேன். பளிச்சென்று ஒரு ஃபிளாஷ் அடித்தது. படத்தில் கறையைக் காணோம், விரிசலையும் காணோம். போன மாதம் வெள்ளையடித்த வீடு மாதிரி இருந்தது. கிட்டப் போய் எடுத்தால் எல்லாம் மங்கலாகிவிட்டது. இந்தப் படத்தைப் பார்த்தால் எவனும் முன்பணத்தோடு ஓடி வருவான். நமக்கே வாங்கலாம்போல ஆசை வந்தது.

ஆள் இல்லாமல் எடுப்பது இந்தக் கேமராவால் நடக்காது என்பதையும் தெரிந்துகொள். பொத்தானை அழுத்தினால் உடனே எடுப்பதில்லை. 'கீ' என்று ஒரு சத்தம் போடும், சிவப்பு விளக்கு சிமிட்டும், ஏதோ யோசிக்கும், பிறகுதான் எடுக்கும். அறையில் யாரும் இல்லை என்று பார்த்துத்தான் அழுத்துகிறேன். அது யோசித்து முடிப்பதற்குள் உன் அண்ணி சமையலறையிலிருந்து கிளம்பி, வாளியோடு குறுக்கே வந்து, "இன்னும் எடுக்கலையா நீங்க?" என்று நடுவில் நின்றுவிடுகிறாள். கூடத்தில் வாளியோடு இருக்கிறாள், சமையலறையில் கரண்டியோடு இருக்கிறாள், குளியலறைக் கதவில் அவள் கை மட்டும் இருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது. நீ ஆள் இல்லாமல் கேட்கிறாயா? நான் ஆளாகவே அனுப்புகிறேன். நிறையப் பேர் குடியிருக்கிற வீட்டை எவனும் வாங்கமாட்டான், காலி செய்ய வைப்பதற்குள் அவன் தலை நரைத்துவிடும்.

நல்ல தரத்தில் எடுத்தால் அந்த அட்டையில் எட்டுப் படம்தான் அடங்கும். எட்டையும் நிரப்பிவிட்டேன். கூடத்தில் நம் தெருத் தையல்காரரைத் தையல் மெஷினோடு தூக்கிவந்து உட்காரவைத்தேன். எங்கள் படுக்கை அறையில் எதிர்வீட்டு அம்மா, தெருவின் ஒலிபெருக்கி என்று கூப்பிடுவோமே அவர்தான், தன் குடும்பத்தோடு வந்து கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார். "எதுக்குங்க படம்?" என்றார். தம்பிக்கு அனுப்ப என்றேன். "அப்போ நல்லா சிரிக்கணுமே" என்று எல்லாரையும் சிரிக்கவைத்தார். கேமரா யோசித்த நேரத்தில் சிரித்துச் சிரித்து வாய் வலித்து எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுவிட்டார்கள், அந்த நேரம் பார்த்து எடுத்துத் தொலைத்தது. பரவாயில்லை, வாடகை பாக்கி வைத்தவர்கள் மாதிரியே இருக்கிறார்கள். மாடி அறையை நாலு பக்கமும் எடுக்கச் சொன்னாய் அல்லவா, எடுத்தேன். உடைந்த மின்விசிறி, பழைய கட்டில் சட்டம், என் சீருடைக் கோட்டு, பழைய பேப்பர்க் கட்டு எல்லாம் ஏற்கெனவே அங்கேதான் கிடக்கின்றன. போதாது என்று கீழே இருந்த பீரோவையும் தையல்காரரும் நானுமாக மேலே ஏற்றினோம். என் முதுகு பிடித்துக்கொண்டது. நாலு பக்கமும் பார்த்தாலும் ஒரு ஆள் கால் நீட்ட இடம் கிடையாது என்று தெளிவாகத் தெரியும்.

தம்பி, விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வயதில் நானும் அவளும் வாடகை வீடு தேடி, அடுத்தவன் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு நிற்கமுடியாது. நீ அங்கே சௌகரியமாக இருக்கிறாய், உனக்கு இது புரியாது. இந்த வீட்டை விற்க நான் கையெழுத்துப் போடமாட்டேன். நாளைக் காலை உன் நண்பர் ஊருக்குத் திரும்பும் வழியில் இங்கே வரும்போது இந்தக் கடிதத்தையும், எட்டுப் படம் உள்ள அட்டையையும், கேமராவையும் அவரிடமே கொடுத்துவிடுவேன். கேமராவின் நிறை குறை இரண்டையும் எடைபோட்டுப் பார்த்ததில், இது உன்னைப்போலவே பார்க்க லட்சணமாகவும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததாகவும் இருக்கிறது.

உன் மனைவிக்கு எங்கள் ஆசிகள். நீயும் எல்லாச் சௌகரியங்களோடும் நீடூழி வாழ்க, அங்கேயே.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் நம்பாதே. கடிதத்தை ஒட்டுவதற்குமுன் உன் அண்ணி வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டை விக்கறானா? யார் சொன்னா உங்களுக்கு? அவன் ஆபீஸையே மூடிட்டாங்க. அவன் பொண்டாட்டியே போன் பண்ணி அழுதா. உங்ககிட்ட சொல்லவேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டான் உங்க தம்பி. வேற வேலையும் கிடைக்கலையாம். இங்கயே வந்துடலாமான்னு யோசிக்கறாங்க. அண்ணனுக்கு இடைஞ்சலா இருக்குமோன்னு வாய்விட்டுக் கேக்க வெக்கப்பட்டு, இடம் இருக்கான்னு பார்க்கத்தான் படம் கேட்டிருக்கான்" என்றாள். முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா என்று கத்தினேன். "நீங்க என்கிட்ட என்ன கேட்டீங்க? டார்ச் பேட்டரி எங்கன்னு கேட்டீங்க. சொன்னேன். நீங்க தெருவையே கூட்டிவந்து படம் எடுத்தப்ப, புதுக் கேமரா, ஆசையா இருக்காக்கும்னு விட்டுட்டேன்" என்றாள்.

அலுவலகத்தை மூடுகிற அன்று ஆளுக்கு ஒரு சாமானாகக் கொடுத்தார்களாமே, அந்த ஸ்டிக்கர் அதுதானாமே. வேலையில் இருந்தவரை ஒவ்வொரு நாளும் யாராவது என்னிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. ஆனால் கேட்டவர்களையெல்லாம்விட, ஒன்றும் கேட்காமல் கதவோரம் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பவனுக்குத்தான் நிஜமாகவே இடம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அப்படி நின்ற எத்தனையோ பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன். சொந்தத் தம்பி நின்றபோது தெரியவில்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "அப்படியே அனுப்புங்க, அண்ணன் லட்சணம் அவனுக்கும் தெரியட்டும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அட்டையிலிருந்து அந்தக் கூட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டேன். தடயமே இல்லை. இந்த வசதியை மேலே குறையில் சேர்த்திருந்தேன், நிறைக்கு மாற்றிக்கொள். கேமராவைத் திருப்பி அனுப்பவில்லை, நீ வந்து உன் கையாலேயே ஸ்டிக்கரைக் கிழி. கடைசியில் கேட்பதாகச் சொன்ன நலத்தை இப்போது கேட்கிறேன்: எப்படி இருக்கிறாய்டா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பீரோவையும் மற்ற தட்டுமுட்டுச் சாமான்களையும் தையல்காரரும் நானுமாக மறுபடி கீழே இறக்கிவிட்டோம், முதுகு மறுபக்கமும் பிடித்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்துவைத்து மாடி அறையை ஒரே ஒரு படம் எடுத்தேன், அத்தோடு பேட்டரி தீர்ந்துவிட்டது. அட்டையில் அது ஒன்றுதான் இருக்கிறது. நீ ஆள் இல்லாமல் கேட்டிருந்தாய். நானும் பார்த்துத்தான் அழுத்தினேன். அது யோசித்து முடிப்பதற்குள் உன் அண்ணி துடைப்பத்தோடு உள்ளே போய்ப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். மற்றபடி அறை காலியாகத்தான் இருக்கிறது.