எழுதத் தெரியாது என்பதற்கான சான்று

மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே எழுத்துப் பாடத்திட்டம் வாங்குவது என்று போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி காசிராஜன் அவர்களது இல்லத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஏகமனது என்றால் காசிராஜனும் அவர் மனைவி சந்திரவல்லியும். பிள்ளைகளைக் கேட்டுச் செய்யும் வழக்கம் இந்தப் புதிய கல்விமுறையிலும் இல்லை.

மூத்தவள் ரோஜாவுக்குப் பன்னிரண்டு வயது. பிரபுவுக்கு எட்டு. கடைக்குட்டி முத்துப்பிரியாவுக்கு ஐந்து. சில மாதம் முன்புவரை மூன்று பேரும் ஊர்ப் பிள்ளைகளைப் போல வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போய், ஊர்ப் பிள்ளைகளைப் போலத் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள்தான். தேனியில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் இருந்த பெங்களூர் அம்மாள், "எங்க பசங்க ஸ்கூலுக்கே போறதில்ல, வீட்லயேதான்" என்று சொல்லிவிட்டாள். முன்பெல்லாம் யாராவது இப்படிச் சொன்னால், "ஐயோ பாவம், என்ன கஷ்டமோ" என்போம். அந்த அம்மாள் சொன்ன தினுசில் சந்திரவல்லிக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த வாரமே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். ரோஜா மட்டும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். ஏழாம் வகுப்பில் அவள் சிநேகிதி சூர்யகலா, "நீ வர்ற வரைக்கும் பெஞ்சுல உன் இடத்துல என் பையைத்தான் வைப்பேன்" என்று சொல்லியிருந்தாள். பெரியவர்களின் காரியத்தில் இதெல்லாம் ஒரு பொருட்டா?

பாடத்திட்டம் தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. பெண் பார்க்கக்கூட காசிராஜன் இத்தனை இடம் ஏறி இறங்கியதில்லை. முதலில் வந்த திட்டத்தில் வயதுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு தாய் முழுநேரமும் உட்கார வேண்டும். சந்திரவல்லி ஒருத்திதான் இருந்தபடியால் அது திருப்பி அனுப்பப்பட்டது. இரண்டாவதில் எல்லாக் கட்டுரையும் பனிமனிதன் செய்வது பற்றியே இருந்தது. மூன்றாவது, பிள்ளைகளை வனத்தில் உட்காரவைத்து மனதில் தோன்றுவதை எழுதச் சொன்னது. ஜீப்பு பிடித்துக் குரங்கணிக்குக் கூட்டிப் போனார்கள். பிரபு, "அட்டை கடித்தது. ரத்தம் நிற்கவில்லை. வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதினான். அந்த வருசம் அந்த வீட்டில் எழுதப்பட்டதிலேயே நல்ல எழுத்து அதுதான். ஆனால் முன்னுரை இல்லை என்று மதிப்பெண் கிடைக்கவில்லை.

கடைசியாக வந்ததுதான் "விரல் விழிப்பு எழுத்துத் திட்டம்". எல்லா வயதுக்கும் பொருந்தும். அதன் தத்துவம் எளிமையானது. எழுதுவது விரல்கள். விரல்கள் தூங்குகின்றன. தூங்கும் விரலில் பென்சிலைக் கொடுப்பது பாவம். ஆகவே ஆறு மாதம் பென்சிலைத் தொடாமல், சிறிய மணிகளைப் பருமன் வாரியாகவும் நிறம் வாரியாகவும் பிரிக்க வேண்டும். மணிகளுக்குத் தனி விலை. அல்லது, "தங்கள் பகுதியில் கிடைக்கும் தானியம் எதுவாயினும்" பயன்படுத்தலாம்.

காசிராஜன் வீட்டின் பின்கட்டில், ஏலத்துக்குப் போக வேண்டிய ஏலக்காய் நாற்பது மூட்டை கிடந்தது. அவர் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை மூன்று பிள்ளைகளும் மொக்கம்மாள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். மொக்கம்மாள் முப்பது வருசமாகக் காய் பொறுக்குகிறவள். ஏழு மில்லி பருமன், எட்டு மில்லி பருமன், வெடித்த காய், வெளுத்த காய் என்று கையாலேயே சொல்லிவிடுவாள்.

"என்ன தாயி, பிள்ளைகளையும் சோலிக்கு விட்டுட்டீகளா?"

"சோலி இல்லக்கா, படிப்பு. காய் பொறுக்கப் பொறுக்க விரல் முழிச்சுக்கும். அப்புறம் எழுத்து தன்னால வரும்."

மொக்கம்மாள் தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள். "முப்பது வருசமா முழிச்சிருக்கே தாயி. இன்னேரம் நான் ரெண்டு புஸ்தகமாச்சும் எழுதியிருக்கணுமே?"

"உங்களுக்கு வழிகாட்டி நூல் இல்லைல்லக்கா" என்றாள் சந்திரவல்லி. நூலைத் தட்டிக் காட்டினாள்.

ரோஜா கேட்டாள்: "அம்மா, எனக்குத்தான் எழுதத் தெரியுமே. கட்டுரைப் போட்டியில கப்பே வாங்கியிருக்கேன்."

"தெரிஞ்சதை மறக்குறதுதான் கண்ணு முதல் பாடம். பதினோராம் பக்கத்துல போட்டிருக்கு."

மாதக் கடைசியில் மூவருக்கும் தபாலில் சான்றிதழ் வந்தது. "மேற்படி குழந்தை எழுதும் பருவத்தை இன்னும் எய்தவில்லை. நிலை: ஒன்று." காசிராஜன் மூன்றையும் கண்ணாடி போட்டு மாட்டினார். ரோஜா ஒரு நோட்டை ஏலக்காய் மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

நாலாம் மாதம், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு அலுவலர் மகாராஜன் வந்தார். சிலமலை, ராசிங்காபுரம் எல்லாம் முடித்துவிட்டு, வெயிலில் கறுத்து வந்த நல்ல மனுசர். உள்ளே எட்டிப் பார்த்தார். பாயில் மூன்று பிள்ளைகள். முன்னால் ஏலக்காய். பேனாவைத் திறந்தார்.

"குழந்தைத் தொழிலாளர், மூணு."

"ஐயையோ சார், இது எழுத்து வகுப்பு!" என்று காசிராஜன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"எழுத்தைக் காணோமே. காய்தானே இருக்கு?"

"அது எழுத்துக்கு முந்தின நிலை சார்."

"இந்தம்மா?"

"அவுக கூலிக்குப் பொறுக்குறாக."

"பிள்ளைகளுக்கும் கூலி உண்டா?"

"சேச்சே, பிள்ளைகள் பொறுக்குறதுக்கு நாங்கதான் சார் ஃபீஸ் கட்டுறோம்."

மகாராஜன் சற்று யோசித்தார். கூலி வாங்காமல், எதிர்க்கூலி கொடுத்து வேலை செய்கிறவர்களுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. "காரணம்" என்ற இடத்தில் இடம்பெயர்வு, நோய், குழந்தைத் தொழில், இறப்பு என்று நாலே நாலுதான் இருந்தன.

"நாலாவதைப் போட்டா உங்க மேல கேஸ் வராது. ஆனா பிள்ளைக மூணும் உசுரோட இருக்கே" என்றார் இரக்கத்தோடு. "மூணாவதைப் போட்டா இந்த இடத்துக்குச் சீல் வைப்பாங்க. உங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. படிக்கிற பிள்ளைகதான்னு நிரூபிக்க எதாச்சும் இருந்தா கொண்டாங்க."

அப்பாவைக் கூட்டிட்டுப் போவார்கள் என்றதும் ரோஜா எழுந்தாள். மூட்டைக்கு அடியில் கையை விட்டு நோட்டை எடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அலுவலர் வாய்விட்டுப் படித்தார்:

"காலையில் ஏழு மில்லி. மதியம் எட்டு மில்லி. கண்ணை மூடினால் எல்லாம் பச்சை. என் தம்பி தூக்கத்திலும் பொறுக்குகிறான். எங்களுக்கு எழுத வரும்வரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் அப்பா கெட்டவர் இல்லை. புத்தகத்தில் அச்சடித்திருந்தால் நம்பிவிடுவார். ஏழாம் வகுப்பில் சூர்யகலா எனக்கு இன்னும் இடம் போட்டு வைத்திருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை என்னை அங்கே அனுப்ப வேண்டும்."

மகாராஜன் கடைசி வரியை இன்னொரு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"காரியம் கெட்டுச்சே. இந்தப் பிள்ளைக்கு நல்லா எழுதத் தெரியுதே!"

"ஆமா சார்!" என்றார் காசிராஜன், பெருமை தாங்காமல்.

"எழுதத் தெரிஞ்ச பிள்ளைக்கு எழுத்துக்கு முந்தின வகுப்பு எதுக்கு? அப்ப அது காய் பொறுக்கினது படிப்பில்லை. வேலை. இந்தத் தாள் ஃபைல்ல ஏறினா நீங்க உள்ள போறீங்க."

வெளியே ஒரு லோடு ஜீப்பு உறுமிக்கொண்டு மலைக்கு ஏறியது.

"இதுக்கு என்ன சார் வழி?"

"பிள்ளைக்கு எழுத வராதுன்னு இருந்தா ஒரு சிக்கலும் இல்லை. சான்றிதழும் அதைத்தான் சொல்லுது. நான் ஒரு வாக்குமூலம் எழுதித் தர்றேன். 'எனக்கு எழுதத் தெரியாது, கற்று வருகிறேன்'னு. அதுல அது கைநாட்டு வச்சாப் போதும்."

ரோஜா கேட்டாள்: "சார், அப்ப திங்கட்கிழமை பள்ளிக்கூடம்?"

"கைநாட்டு வச்ச பிள்ளையை ஏழாம் வகுப்புல எந்தப் பதிவேட்டுலம்மா ஏத்துவாங்க? ஒண்ணாம் வகுப்புல கேட்டுப் பாக்கலாம்."

ரோஜா அம்மாவைப் பார்த்தாள். சந்திரவல்லி வழிகாட்டி நூலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இதற்குப் பக்கம் இல்லை. ரோஜா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகாராஜன் மைப்பெட்டியைத் திறந்தார். மாவட்டக் கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்ற கையின் கட்டைவிரலை மையில் தோய்த்து, காட்டிய இடத்தில் அழுத்தினாள் ரோஜா. சின்னவர்கள் இருவரும், அக்கா செய்ததால், ஆசையாக வைத்தார்கள்.

"சாட்சிக்கு ஒரு ஆள் வேணும். வீட்டு ஆள் கூடாது. கையெழுத்துப் போடத் தெரியணும்."

மொக்கம்மாள் முன்னால் வந்தாள். முதியோர் எழுத்தறிவு வகுப்பில் ஆறு மாதம் பெயர் எழுதப் பழகியவள். பேனாவை வாங்கி, முதல் எழுத்தை முடித்து, நடுவில் நின்றாள்.

"ஆத்தா ரோஜா, இந்த ரெண்டாவது எழுத்துக்கு மேல புள்ளி உண்டுமா?"

ரோஜா வாயைத் திறந்தாள்.

மகாராஜன் செருமினார். "அந்தப் பிள்ளைகிட்டக் கேக்காதீங்கம்மா. அதுக்குத் தெரியாது."

ரோஜா வாயை மூடிக்கொண்டாள். மொக்கம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா எழுத்துக்கும் ஒரு புள்ளி வைத்தாள். கோப்பு முடிந்தது. ரோஜா எழுதிய பக்கத்தை அலுவலர் நாலாக மடித்து, "இதை யார் கண்ணுலயும் காட்டாதீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அதை மொக்கம்மாள் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

போகும்போது மகாராஜன் வாசலில் தயங்கி, "அந்தப் பாடத்திட்டம் எந்த ஊர்ல கிடைக்கும்? என் பையன் ரெண்டாம் வகுப்பு" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே காசிராஜன் மூன்று கைநாட்டையும் படம் பிடித்து, "எங்கள் செல்வங்களின் முதல் படைப்பு" என்று எங்கள் தெரு வாட்சப் குழுவில் போட்டார். ஆறு மணிக்குள் அறுபத்திரண்டு இதயம் விழுந்தது. கோயிலில் விளக்கேற்றிவிட்டு வந்து நானும் ஒன்று போட்டேன். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாரும் கட்டைவிரலால்தான் வைத்தோம்.