கட்டைக்குரலக்காவும் சாம்பல் கோடும்

கண்டாவளையில் அந்தக் காலத்தில் அசல் ஆம்பிளைக் குரல் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அந்த ஆள் ஒரு பொம்பிளை. ஊர் வைத்த பேர் கட்டைக்குரலக்கா. நெற்கதிர் மிதிக்கிற சூடடிப்புக்கு எருமைகள் வாடகைக்கு விடுவது அவர் தொழில்.

யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த எங்களுக்கு எதிலும் சந்தேகம். எனக்கு இரட்டிப்பு. காட்டோரம் அவர் எருமைகளுக்குப் பாடுவதைக் கேட்டுவிட்டு, பொலிசுக்குப் பயந்து சேலை கட்டித் திரிகிற சண்டியன் என்று முதலில் கதை கட்டியவன் நான்தான். மீசை இருக்கிறதா என்று பற்றைப் புதருக்குள் இருந்து எட்டிப் பார்த்தபோது பிடிபட்டுவிட்டேன்.

"என்ன தம்பி தேடுறியள்? மாடு துலைஞ்சுபோச்சோ?"

"ஓம்."

பாவம், இல்லாத மாட்டை என்னோடு சேர்ந்து பின்னேரம் வரை தேடினார்.

என் முதல் விளைச்சலைச் சூடு மிதிக்கிற நாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் வருஷச் சாப்பாடு முளைத்துவிடும். களத்துக்குள் பெண் கால் வைத்தால் பூதம் நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. களத்துப் பாட்டும் ஆண்களுக்குத்தான். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் களத்தைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டுவிட்டு, நெடுங்கேணியில் இருந்து கூட்டிவந்த பாட்டுக்காரரைப் பாடவிட்டார். எருமைகள் படுத்துவிட்டன.

"நான் வெளியில நிண்டு பாடட்டோ?" என்றார் அக்கா.

"பூதத்துக்குக் கேக்குமெல்லோ!" என்றார் விதானையார்.

"கேக்கட்டுமன். அதுவும் இவ்வளவு நேரம் இவரின்ர பாட்டையெல்லோ கேட்டுக்கொண்டிருக்கு."

பாடினார். எருமைகள் எழும்பி நேரே அவரிடம் நடந்தன! வேறு வழியில்லாமல் அக்கா கோட்டுக்கு வெளியே சுற்றிச்சுற்றிப் பாட, எருமைகள் உள்ளே சுற்றின. அவர் கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று விதானையார் குனிந்தபடி பின்னாலேயே போனார். ஏழெட்டுச் சுற்றில் விதானையாரின் வாயும், நெல் பெருகச் சொல்லும் "பொலி, பொலி" என்று சேர்ந்து பாடத் தொடங்கியது. கடைசியில் கோட்டை மிதித்து அழித்தது அவருடைய கால்தான்.

கடைசி மூட்டையைக் களத்துக் கொட்டிலுக்குள் இழுக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அக்கா வெளியிலேயே நனைந்துகொண்டு நின்றார்.

"உள்ள வாங்கோ அக்கா" என்றேன்.

விதானையார் என்னை முறைத்தார். பிறகு தள்ளியிருந்து இடம் விட்டார்.

மறுவருஷம் எருமைகளுக்குப் பதிலாகச் சூடு மிதிக்க ஊருக்கு உழவு மெஷின், அதுதான் டிராக்டர், வந்தது. அது மிதித்த நெல்லில் சோறாக்கினால் மண்ணெண்ணெய் மணக்கும் என்று வீடு வீடாகப் போய்ச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டேன். எனக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது.