பட்டாளம் போகாத பட்டாளம்

பட்டாளத்துக்குப் போகாமலே ‘பட்டாளம்’ என்று பெயர் வாங்கிய மனிதர், கேரள எல்லையோரப் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒருவர்தான் உண்டு. எங்கள் தெருக்காரர். எம்.எஸ்ஸி. கணக்கு. வேலை கிடையாது.

இரண்டு தடவை ஆள்சேர்ப்புக்குப் போனார். இரண்டு தடவையும் ஓட்டத்தில் முதல். இரண்டு தடவையும் டாக்டர் இடது காதைச் சோதித்துத் திருப்பி அனுப்பினார். அதற்குள் வயது கடந்துவிட்டது. ஆசை மட்டும் கடக்கவில்லை. தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு ரேஷன் கடை வரிசையிலும் விறைப்பாக நிற்பார். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபத்துக்கு எழுந்தால், பக்கத்தில் நிற்பவர்களும் பயந்து நெஞ்சை நிமிர்த்துவார்கள். காது விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லமாட்டார். ஊருக்கே தெரியும் என்பது வேறு.

வேலையில்லாத பட்டதாரி யாராயிருந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான். பி.எட். முடித்தவனுக்கும் பி.டெக்கில் நாலு பேப்பர் பாக்கி வைத்தவனுக்கும் அதே அளவு.

“எலே மக்கா, பட்டாளத்துக்குப் போ. பின்ன எல்லாம் நேராவும்.”

நான் பி.காம். முடித்துச் சும்மா இருந்தபோது வீட்டுக்கே வந்து என் அம்மாவிடம் கேட்டார்.

“சித்தி, இவனை எனக்குத் தாருங்க. வேலையுள்ள ஆளாட்டுத் திருப்பித் தாறேன்.”

அம்மா தந்துவிட்டாள். தினமும் விடியுமுன் செங்கல் என்ற ஊர் வரை என்னை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தார். ஆள்சேர்ப்பு மைதானத்தில் எனக்கு முன்னால் ஓடிய எம்.ஏ. படித்த ஒருவன், கோட்டுக்குப் பத்தடி முன்பு விழுந்து வாந்தியெடுத்தான். “சார், இன்னும் ஒருக்கா ஓடுறேன் சார்” என்று மண்ணில் கிடந்தபடியே கெஞ்சினான். நான் அவனைத் தாண்டி ஓடினேன். தேறினேன்.

பட்டாளத்தில் ஒப்பந்தம் நாலு வருஷம்தான். நிரந்தரமாக எடுத்துக்கொண்டவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கினேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

பட்டாளம் ஒரு வாரம் கண்ணில் படவில்லை. பிறகு வந்து முற்றத்தில் நின்றார்.

“சித்தி, நான் சொன்ன வாக்கு தப்பிப்போச்சு.”

அம்மா உள்ளே போய்விட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். “சர்ட்டிபிகேட்ட எடு. நானும் வாறேன்.”

மூன்று மாதம் இருவரும் அலைந்தோம். கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒரே ஒரு செக்யூரிட்டி இடம். மானேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார். அலைந்து அலைந்து நான் கூனிப்போயிருந்தேன். பட்டாளம் விறைத்து நின்றார். மானேஜர் என்னை விட்டுவிட்டு அவரிடம் கேட்டார்.

“ஏது ரெஜிமெண்டா?”

எந்த ரெஜிமெண்ட் என்பது வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த கேள்வி. நாளையிலிருந்தே வரமுடியுமா என்றும் மானேஜர் மலையாளத்தில் கேட்டார். முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாவின் கூலியில்தான் பட்டாளத்தின் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். அவர் பேசாமல் நின்றார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

“இல்ல சார். இவனாக்கும் பட்டாளம்” என்றார். “எனக்குக் காது கேக்காது.”

அவர் வாயால் அதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வேலை எனக்குக் கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில், “உனக்க அம்மையிட்ட நீயே சொல்லு. நான் வரல்ல” என்றவர், அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். நாங்கள் இறங்கவேண்டிய பாறசாலை வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் வந்து சத்தம் போடும்வரை நான் அவரை எழுப்பவில்லை.