மூடாதீங்க, ஆதாரம்!

ஆதாரப்பித்தர் என்றொரு இனம் உண்டு. நெருப்பு சுடும் என்றால்கூட, சுட்ட இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிற இனம். அதில் அசல் வித்து ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன்.

இவர் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற வந்த மேஸ்திரி, பழைய ஓடுகளைப் பிரித்ததும் மேலேயிருந்து குரல் கொடுத்தார். "சார், உள்ள சட்டமெல்லாம் உளுத்துப் போயிருக்கு. இது நாம பேசினதுல இல்லாத கூடுதல் வேலை. மாத்தட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஏணி சுவரில் சாய்ந்தே இருந்தது. ஏறிப் பார்த்திருக்கலாம். ஏறுவாரா? நாற்காலியில் சாய்ந்தபடி, "போட்டோ அனுப்புங்க" என்றார். வந்தது. மங்கலாக இருக்கிறதாம். மறுபடி வந்தது. மேஸ்திரியின் விரல் தெரிகிறதாம், விரலை எடுத்துவிட்டு அளவுகோல் வைக்க வேண்டுமாம். அதையும் வைத்து அனுப்பியபோது, இது போன வருஷம் வேறு எவன் வீட்டிலோ எடுத்த படமில்லை என்று எப்படி நம்புவது என்ற சந்தேகம் வந்து, அன்றைய செய்தித்தாளை மேலே கொடுத்தனுப்பி, உளுத்த மரத்துக்குப் பக்கத்தில் விரித்துப் பிடிக்கச் சொல்லி இன்னொரு படம் எடுக்க வைத்தார். பிறகு எல்லாவற்றையும் மச்சானுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். மச்சான் பல் டாக்டர்.

இதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க, தார்ப்பாயையாவது போட்டு மூடச் சொல்லுங்க. கீழ என் மிஷின் இருக்கு. ஊரார் தைக்கக் குடுத்த துணியெல்லாம் இருக்கு" என்றாள் மனைவி. அந்தத் தையல்தான் அவளுக்குக் கைச்செலவு, மரியாதை, எல்லாம்.

"மூடாதீங்க! இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும். நாளைக்கு யாராவது கேட்டா?"

யார் கேட்பார்கள்? வீடு இவருடையது. பணம் இவருடையது. கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் மனைவி. அவள்தான் மூடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

கொட்டியது மழை. தையல் அறை தெப்பமாகிவிட்டது. மேஸ்திரி மேலே அவசரமாகத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருக்க, மனைவி மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடிங்க!" என்று கத்தினாள்.

இவர் வாசற்படியில் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். "ஒரு நிமிஷம், அசைக்காதே. அப்படியே ஒண்ணு எடுத்துக்கறேன்."

எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் மிஷினைக் கீழே வைத்தாள். நனைந்த துணிகளை அள்ளி இவர் கையில் போட்டாள். பிறகு மேலே பார்த்து, "அண்ணே, நாளைக்கே மரத்தைக் கொண்டு வந்து மாத்திடுங்க. நான் சொல்றேன்" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை கூத்து.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் இப்படியும் ஒருவர் இருப்பாரா, இதற்கு என்ன ஆதாரம் என்று மனசுக்குள் ஓரமாகவேனும் ஒரு கேள்வி எழுந்ததா? எழுந்திருந்தால், தயவுசெய்து போனைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வீட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.